மட்டை வரிசை

தம்பிக்கு நாற்பத்து மூன்று வயது. காதோரம் நரைத்தாயிற்று, படிப்பதற்குக் கண்ணாடி வந்தாயிற்று, ஆனாலும் வீட்டில் அவன் பெயர் தம்பிதான். அண்ணன் கூப்பிட்டதை அண்ணி பிடித்துக்கொண்டாள். அண்ணியிடமிருந்து பால்காரர், எதிர்வீட்டுக்காரர் என்று தெருவே பிடித்துக்கொண்டது. நாமும் அப்படியே கூப்பிடுவோம், கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை. கோபித்துக்கொள்ளத் தெரியாததுதான் அவனுடைய கோளாறே.

தொழில் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தோரு வருஷ அனுபவம். கதவு மூடுகிற சத்தத்தை வைத்தே உள்ளே எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். ஒழுங்காக ஓடுகிறவரை அந்த வேலையை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. நின்றுபோனால் மட்டும் ஊரே போன் போடும். வீட்டிலும் அவன் நிலைமை ஏறக்குறைய அதேதான்.

அக்கா கல்யாணம் முடியட்டும் என்றார்கள், காத்திருந்தான். அண்ணனுக்கு முடியட்டும் என்றார்கள், அதற்கும் காத்திருந்தான். பிறகு அப்பா படுக்கையில் விழுந்தார், பிறகு அண்ணன் பிள்ளைகள் பிறந்தார்கள். “உனக்கும் ஒண்ணு பார்க்கணும்டா” என்று சொல்லிக்கொண்டே இருந்தவர்கள் ஏதோ ஒரு நாளில் அதைச் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். எந்த நாள் என்று அவனும் கவனிக்கவில்லை, அன்றைக்கு அவன் அண்ணன் மகள் சின்னவளை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போயிருப்பான்.

கம்பெனி வேறொரு நகரத்தில் புதுக் கிளை திறந்தபோது அனுபவசாலி ஒருவர் வேண்டும் என்று மேனேஜர் எல்லாரையும் கூட்டி வைத்துக் கேட்டார். ஒருவருக்குப் பிள்ளை படிப்பு, ஒருவருக்கு மனைவியின் வேலை, ஒருவருக்கு அப்போதுதான் குடிபோன வீடு. மேனேஜரின் பார்வை சுற்றிவிட்டு வந்து தம்பி மேல் நின்றது.

“நீங்க சிங்கிள்தானே.”

இந்த வார்த்தையை அவன் இருபது வருஷமாகக் கேட்டிருக்கிறான். விடுமுறை நாளில் டியூட்டி போடும்போதெல்லாம் இதுதான் காரணம். ஆனால் அன்றைக்கு மட்டும் அது வேறு மாதிரிக் காதில் விழுந்தது. “ஆமா சார், நான் போறேன்” என்று மூளை யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

வீட்டில்தான் ஒரு பொய் சொன்னான். முழுப் பொய் இல்லை, அரைப் பொய். “மூணு மாசம்தாண்ணா. போயிட்டு வந்துடுவேன்.” தொண்ணூறு நாள் கழித்து ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும், அதில் ‘இங்கேயே நிரந்தரம்’ என்று ஒரு கட்டமும் ‘பழைய கிளைக்கே’ என்று ஒரு கட்டமும் இருக்கும் என்பதை அவன் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது, போகப்போகப் பெட்டியிலிருக்கும் துணியைவிடக் கனத்தது.

புது ஊரில் மூன்றாவது மாடியில் ஓர் அறை கிடைத்தது. அந்தக் கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது. வீட்டுக்காரர் சங்கடத்தோடு அதைச் சொன்னபோது தம்பி வாய்விட்டுச் சிரித்தான். பாவம் மனிதர், ஏன் என்று அவருக்குப் புரியவில்லை. ஒரு கட்டில், ஒரு ஜன்னல், ஜன்னலுக்குக் கீழே ஒரு சலவைக் கடை. முதல் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் பழக்கதோஷத்தில் எழுந்து இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ணினான். பண்ணிய பிறகுதான் தேய்ப்பதற்குப் பள்ளிக்கூடச் சீருடை எதுவும் இல்லை என்று உறைத்தது. தன் சட்டை ஒன்றையே இரண்டு தடவை தேய்த்துப் போட்டுக்கொண்டு போனான்.

வேலையில் ஒரு குறையும் இல்லை. ஆறே வாரத்தில் இரண்டு ஆஸ்பத்திரி, ஒரு நூலகம், ஒன்பது அடுக்குமாடி எல்லாம் அவன் கைக்கு வந்துவிட்டன. சூப்பர்வைசரம்மா யாரையும் லேசில் பாராட்டுகிறவர் இல்லை. அவரே ஒருநாள், “நீங்க வந்ததுக்கப்புறம் எனக்கு வர்ற திட்டு குறைஞ்சிருக்கு” என்றார். ஐந்து மணிக்கு வேலை முடியும். அதற்குப் பிறகுதான் பிரச்சினை. ஐந்து மணிக்குப் பிறகு என்ன செய்வது என்று அவனுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. நடந்தான். எல்லாத் தெருவும் காலுக்குப் பழக்கமாயிற்று, ஒரு முகம்கூடப் பழக்கமாகவில்லை.

நடந்த தெருக்களில் ஒன்றில்தான் நகராட்சியின் விளையாட்டு அரங்கம் இருந்தது. ஞாயிறு காலை ஏழு முதல் பதினொன்று வரை பேட்மிண்டன், யார் வேண்டுமானாலும் வரலாம் என்று கதவில் ஒட்டியிருந்தது. தம்பி அறைக்குப் போய்ப் பெட்டியின் அடியிலிருந்து மட்டையை எடுத்தான். இருபத்து நாலு வயதில் வாங்கியது. ஒரு காலத்தில் நன்றாகவே ஆடுவான். அப்புறம் பதினைந்து வருஷம் அது அலமாரி மேல் உறையோடு கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு வகுப்பு இருந்தது, கொண்டுபோய் விட்டுக் காத்திருந்து கூட்டிவர ஓர் ஆள் வேண்டியிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து அடுத்தவர் ஆடுவதைப் பார்ப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

முதல் ஞாயிறு உள்ளே நுழைந்ததும் அவன் கண்ணில் பட்டது ஆட்டம் இல்லை. கதவை ஒட்டித் தரையில் பதினொரு மட்டைகள் வரிசையாகக் கிடந்தன. வருகிறவர் போகிறவர் எல்லாரும் அதைத் தாண்டித் தாண்டி நடந்தார்கள். லிஃப்ட்காரனுக்கு இது ஆகாது. கதவுக்கு முன்னால் ஒரு துரும்பு கிடக்கக் கூடாது என்பது அவன் தொழிலின் முதல் பாடம். ஒரு வார்த்தை பேசாமல் குனிந்தான், பதினொன்றையும் பொறுக்கினான், சுவரோரமாகச் சாய்த்து வைத்தான். சும்மா வைக்கவில்லை, உயரம் பார்த்து அடுக்கி வைத்தான். பிறகு கையைத் தட்டிக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தான்.

இரண்டு கோர்ட்டிலும் ஆட்டம் ஒரு நொடி நின்று, பிறகு தொடர்ந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை. மேலே ஒரு விளக்கு விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து அதைக் குறித்துக்கொண்டான். எங்கே எது பழுதாகிக் கிடந்தாலும் எழுதிவைப்பது அவன் கைப்பழக்கம்.

அன்றைக்கு யாரும் அவனை ஆடக் கூப்பிடவில்லை. முதல் நாள்தானே என்று நினைத்தான். இரண்டாவது ஞாயிறும் கூப்பிடவில்லை. ஆனால் மரியாதைக்குக் குறைவில்லை. ஒருவர் நாற்காலி கொண்டுவந்து போட்டார். ஒருவர் தண்ணீர் பாட்டில் கொடுத்தார். தலைமுடியை உயரக் கட்டிய ஓர் அம்மாள் அவனைக் கடக்கும்போதெல்லாம் பரீட்சை ஹாலில் நடக்கிற மாதிரி நடந்தார். மட்டைகள் இப்போது கதவோரம் இல்லை. எங்கே வைக்கிறார்கள் என்றும் தெரியவில்லை. ஆட்டம் முடிந்ததும் நான்கு பேர் ஒரு தூணுக்குப் பின்னால் போனார்கள், வேறு நான்கு பேர் மட்டையோடு வந்தார்கள். தங்களுக்குள் ஏற்கெனவே பேசி வைத்துக்கொண்டிருப்பார்கள் என்று தம்பி முடிவு செய்தான். தன் முறை வந்தால் கூப்பிடுவார்கள், நாமாகப் போய் மூக்கை நுழைக்கக் கூடாது என்று பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தான். இதை ஒரு வாரம் செய்தால் பொறுமை என்று சொல்லலாம். ஆறு வாரம் செய்தவனை என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அண்ணன் தினமும் சாயங்காலம் போன் பண்ணுவார். எண்பத்து நாலாம் நாள், திங்கட்கிழமை, குரலில் உற்சாகம் வழிந்தது.

“தம்பி, உன் பழைய மேனேஜரைப் பார்த்தேன். நானே பேசிட்டேன். ஒண்ணாம் தேதி வந்து சேர்ந்துக்கலாம்னுட்டார்.”

“நீ ஏண்ணா போய்ப் பேசினே?”

“பின்ன, நீயா பேசப்போறே? உனக்கு வாய் ஏது? உன் ரூம் அப்படியேதான் இருக்கு. வாஷிங் மெஷினை மட்டும் அங்க நகர்த்தி வெச்சிருக்கோம். அப்புறம் பெரியவனோட சைக்கிள். அப்புறம் உங்க அண்ணியோட அம்மா பெட்டி ரெண்டு. மத்தபடி அப்படியே இருக்கு.”

தம்பிக்குச் சிரிப்பு வந்தது. அதோடு வருத்தமும் வந்தது.

“சின்னவளுக்குப் பரீட்சை வருதுடா,” அண்ணன் குரல் இறங்கியது. “நீதான் கணக்குச் சொல்லித் தரணுமாம், என்கிட்ட உட்கார மாட்டேங்கறா. நீ இல்லாம வீடு வீடா இல்லடா.”

இது நடிப்பு இல்லை என்று தம்பிக்குத் தெரியும். அண்ணன் கெட்டவர் இல்லை. பாசக்காரர். அந்தப் பாசத்துக்குள் ஓட்டுநர், இஸ்திரிக்காரர், கணக்கு வாத்தியார் எல்லாரும் ஒரே ஆளாக அடங்கிவிடுகிறார்கள் என்பதுதான் சிக்கல். “யோசிச்சுச் சொல்றேண்ணா” என்றான். அண்ணன் அதைச் சரி என்றே எடுத்துக்கொண்டார், ஏனென்றால் இதுவரை அதற்கு அர்த்தம் சரி என்பதாகத்தான் இருந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை சூப்பர்வைசரம்மா தாளை நீட்டினார். “திங்கட்கிழமை காலைல ஒன்பது மணிக்கு என் மேஜைல இருக்கணும். இருக்கீங்களா, போறீங்களா, ரெண்டுல ஒண்ணு. போறதுன்னா நான் ஆள் தேடணும்.”

“நீங்க என்ன நினைக்கறீங்க மேடம்?”

“நான் என்ன நினைக்கறது? என் வாழ்க்கையா அது?” என்றார் அவர். சொன்ன விதம் வெடுக்கென்று இருந்தாலும், இப்படி ஒருவர் கேட்டது அவனுக்கு அதுதான் முதல் தடவை. மாடிப்படி ஏறும்போதும் அந்தக் கேள்வி கூடவே ஏறி வந்தது.

சனிக்கிழமை முழுக்கத் தாளை மேஜைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். வேலை பிடித்திருந்தது. தெருக்கள் பிடித்திருந்தன. ஐந்து மணிக்குப் பிறகு வருகிற நேரம் தன்னுடையது என்பதே ஒரு சுகமாக இருந்தது, ஆனால் அந்த நேரத்தில் பேச ஓர் ஆள்கூட இல்லை. மூன்று மாதமாக இந்த ஊரில் வேலை தவிர வேறு காரணத்துக்காக யாரும் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அங்கே போனால் வாஷிங் மெஷினோடு படுக்க வேண்டும், உண்மைதான், ஆனால் வாசலில் கால் வைத்ததும் “சித்தப்பா” என்று இரண்டு பேர் ஓடிவருவார்கள். இங்கே யார் வருவார்கள்? சாயங்காலம் பேனாவை எடுத்து ‘பழைய கிளைக்கே’ என்ற கட்டத்தின் மேல் வைத்தான். மை இறங்கவில்லை. தாளில் உதறிப் பார்க்க மனமில்லாமல், திங்கட்கிழமை ஆபீஸிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று மடித்து மட்டைப் பையில் வைத்தான்.

ஞாயிறு காலை கடைசித் தடவையாக அரங்கத்துக்குப் போனான். பெஞ்சில் உட்கார்ந்து பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. உயரக் கொண்டைக்காரம்மாள் கையில் தேநீரோடு வந்து நின்றார். அவருக்குப் பின்னால், பாதுகாப்பான தூரத்தில், தொப்பை வைத்த ஒரு பெரியவர்.

“சார், தப்பா நினைக்காதீங்க,” என்றார் அந்த அம்மாள். “நான் பேக்கரி வெச்சிருக்கேன், பக்கத்துத் தெருதான். எல்லாரும் சேர்ந்து என்னை அனுப்பிட்டாங்க. ரிப்போர்ட் எப்ப சார் குடுக்கறீங்க?”

“என்ன ரிப்போர்ட்?”

“நீங்க சொல்லக் கூடாதுன்னு எங்களுக்குத் தெரியும். ஆனா இந்த ஹாலைக் கிடங்கா மாத்தப் போறாங்கன்னு பேச்சு, அப்படிப் பண்ணிடாதீங்க சார். வாரம் முழுக்க மாவுல நிக்கறேன். இந்த நாலு மணி நேரம்தான் எனக்கு. இவர் இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டினவர், முதுகே போயிடுச்சு, இங்க வந்துதான் நிமிர்ந்தார்.”

பஸ் டிரைவர் உடனே நிமிர்ந்து காட்டினார்.

தம்பிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. “ஏம்மா, என்னை யாருன்னு நினைச்சீங்க?”

“நகராட்சி ஆபீசர்தானே நீங்க?”

“நான் லிஃப்ட் மெக்கானிக்.”

அந்த அம்மாள் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் கூரையைப் பார்த்தார்.

“அப்ப முதல் நாள் வந்ததும் வராததுமா எங்க பேட் எல்லாத்தையும் எதுக்கு எடுத்து ஓரமா வெச்சீங்க?”

“கதவுக்கு முன்னாடி கிடந்துச்சு. யாராவது தடுக்கி விழுந்தா?”

“அது வரிசைங்க. கிடந்ததுதான் வரிசை. வந்ததும் பேட்டை வரிசையோட வால்ல வைக்கணும். முன்னாடி இருக்கற நாலு பேட்டுக்காரங்க அடுத்த ஆட்டம். நீங்க பதினொண்ணையும் உயரம் பார்த்து அடுக்கிட்டீங்க. அன்னிக்கு யார் யாருக்கு முன்னாடின்னு தெரியாம பெரிய சண்டை. ஆனா ஆபீசர் முன்னாடி எப்படிச் சண்டை போடறது? வெளில போய் மெதுவாப் போட்டோம்.”

“நோட்டுல வேற எழுதினீங்களே?” டிரைவர் இப்போது பக்கத்தில் வந்துவிட்டார்.

தம்பி நோட்டை எடுத்துக் கொடுத்தான். டிரைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார். “மூணாவது விளக்கு சிமிட்டுது. வலது பக்க ஃபேன் சத்தம். ஏணி கிடைச்சா பத்து நிமிஷ வேலை.” நோட்டை மூடினார். “இதுக்காய்யா ஆறு வாரமா வாயைக் கட்டிக்கிட்டு ஆடினோம்? நான் ஒரு கெட்ட வார்த்தைகூடப் பேசலை. இவங்களைக் கேளுங்க.”

பேக்கரியம்மாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்துத் தேநீர் தரையில் சிந்தியது. செய்தி கோர்ட்டுக்குப் பரவ, ஆட்டம் நின்றது, எல்லாரும் வந்து மெக்கானிக்கைப் பார்த்தார்கள். தம்பியின் முகத்தில் அசடு வழிந்தது. ஆனால் உள்ளுக்குள் என்னவோ ஒரு பெரிய பாரம் இறங்கியது. தன்னை இவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று ஆறு வாரமாக நினைத்திருந்தான். இவர்கள் பாவம், பயந்துபோய் இருந்திருக்கிறார்கள்.

“சரி, ஆறு வாரமா எதுக்குத்தான் வந்தீங்க?” என்றார் பேக்கரியம்மாள்.

தம்பி பையைத் திறந்து மட்டையை எடுத்துக் காட்டினான்.

“அட ஆண்டவா. கேக்கறதுக்கென்ன?”

“கூப்பிடுவீங்கன்னு இருந்தேன்.”

“இங்க யாரும் யாரையும் கூப்பிட மாட்டாங்க. பேட்டை வெச்சா வந்தீங்கன்னு அர்த்தம். வைக்கலைன்னா பார்க்க வந்தீங்கன்னு அர்த்தம். அவ்வளவுதான்.”

தூணுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். ஆபீசர் கண்ணில் படக் கூடாதென்று ஆறு வாரமாக அங்கே ஒளித்து வைத்திருந்த வரிசை அது. ஏழு மட்டைகள் கிடந்தன. தம்பி எட்டாவதாகத் தன்னுடையதை வைத்தான். வைத்துவிட்டு, நேராக இருக்கிறதா என்று விரலால் ஒருதடவை நகர்த்திச் சரிசெய்தான்.

“முன்னாடி வந்ததும் ஆள் இல்லைன்னா பேட்டைத் தள்ளி வால்ல போட்டுடுவோம்,” என்றார் டிரைவர். “ஆபீசரா இருந்தாலும்.” அந்தப் பெயர் அப்போதே ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஒரு ஆட்டம் முடிந்தது, முதல் நான்கு மட்டைகள் போயின. மற்றவை முன்னே நகர்ந்தன. இன்னொரு கோர்ட்டில் ஆட்டம் இருபத்தொன்றாவது புள்ளியை நெருங்கிக்கொண்டிருந்தபோது தம்பியின் போன் அடித்தது. அண்ணன். காலையில் கூப்பிடுவதில்லையே என்று பதறி எடுத்தான்.

“தம்பி, உன் மேனேஜர் இப்ப நம்ம தெருவுல வந்துட்டிருக்கார். நேர்லயே சொல்லிடலாம்னு பார்க்கறேன். ஒண்ணாம் தேதி உறுதிதானே?”

அவன் வாழ்க்கை அந்த நிமிஷம் ‘சரி’ என்ற ஒரே வார்த்தையில் நின்றது. சொல்லிவிட்டால் தீர்ந்தது. கோர்ட்டில் யாரோ இறகுப் பந்தை வலையில் அடித்தார்கள். ஆட்டம் முடிந்தது.

“ஆபீசர்,” டிரைவர் மட்டையை எடுத்துக்கொண்டே கூப்பிட்டார், “நீங்க, நான், இவங்க, அப்புறம் அவர். வாங்க.”

“அண்ணா,” என்றான் தம்பி. “நான் வரலை.”

“ஒண்ணாம் தேதி வரலையா? அப்ப பத்தாம் தேதி?”

“இல்லண்ணா. இங்கயே இருந்துடறேன். மூணு மாசம்னு உன்கிட்ட சொன்னது தப்பு. தெரிஞ்சேதான் சொன்னேன், மன்னிச்சுடு. லீவு கிடைக்கறப்பல்லாம் வருவேன். சின்னவளுக்கு தினம் சாயங்காலம் போன்லயே கணக்குச் சொல்லித் தரேன். ஆனா அங்க திரும்பி வரலை.”

அண்ணன் அழுகிறாரோ என்று பயமாக இருந்தது.

“அங்க உனக்கு யாருடா இருக்கா?” என்றார் அண்ணன் கடைசியில்.

தம்பி கோர்ட்டைப் பார்த்தான். பேக்கரியம்மாள் வலைக்கு அந்தப் பக்கம் நின்று மட்டையால் தொடையைத் தட்டிக்கொண்டிருந்தார். டிரைவர் வரிசையைக் காட்டி, தள்ளிவிடுவேன் என்று சைகை செய்தார்.

“மூணு பேர் நிக்கறாங்கண்ணா. நான் போகலைன்னா ஆட்டம் நடக்காது. சாயங்காலம் பேசறேன். இப்ப என் முறை.”

போனை அவன்தான் முதலில் வைத்தான். அதுவும் புதுசு.

அற்புதமாக ஆடினான் என்று எழுத எனக்கும் ஆசைதான். முதல் சர்வீஸே வலையில் விழுந்தது. மட்டையின் பதினைந்து வருஷப் பழைய நரம்புகளில் ஒன்று மூன்றாவது புள்ளியில் அறுந்தது, அறுந்த மட்டையோடே ஆடினான். பேக்கரியம்மாள் ஈவு இரக்கம் பார்க்காமல் அடித்தார். மாவு பிசைகிற கை அல்லவா. இருபத்தொன்றுக்கு ஒன்பது என்று தம்பியும் டிரைவரும் தோற்றார்கள். டிரைவர் ஆறு வாரமாகச் சேர்த்து வைத்திருந்த கெட்ட வார்த்தைகளில் பாதியைச் செலவழித்தார். தம்பிக்கு மூச்சு இரைத்தது, சட்டை முதுகில் ஒட்டியது, அவன் மனசு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்றால், தோற்றதற்காக எல்லாரிடமும் நன்றி சொன்னான்.

துண்டை எடுக்கப் பையைத் திறந்தபோது தாள் கையில் தட்டியது. அரங்கத்து வாசலில் இருந்த வருகைப் பதிவேட்டின் பக்கத்தில் கட்டியிருந்த பேனாவை இழுத்து, ‘இங்கேயே நிரந்தரம்’ என்ற கட்டத்தில் டிக் போட்டான். இந்தப் பேனா எழுதியது.

போனில் அண்ணனிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. நேரத்தைப் பார்த்தால், மனிதர் இருபது நிமிஷம் யோசித்துத்தான் அனுப்பியிருக்கிறார்.

“அப்ப வாஷிங் மெஷின் உன் ரூம்லயே இருக்கட்டுமா?”

தம்பி அதை இரண்டு தடவை படித்தான். கண் கலங்கியது, துண்டால் துடைத்துக்கொண்டான், வியர்வை என்று பார்க்கிறவர்கள் நினைத்திருப்பார்கள். “இருக்கட்டும்ணா” என்று பதில் போட்டான்.

பிறகு எழுந்து போய், நரம்பு அறுந்த மட்டையை வரிசையின் வாலில் வைத்தான்.